மச்சம் எந்தப் பக்கம்

டிரைவரின் மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. துக்கம் விசாரிக்க ஒருவர் வந்தார். அவரை டிரைவருக்குத் தெரியாது. அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. துக்கம் கேட்க வந்தவருக்குப் பூதக்கண்ணாடி எதற்கு என்று நினைத்துப் பார்க்கக்கூடத் தோன்றாமல் டிரைவர் அப்போது மரத்துப்போயிருந்தார். வந்தவரை உட்காரச் சொன்னார், தானும் உட்கார்ந்தார். அந்த நாட்களில் அவர் செய்த வேலையே அவ்வளவுதான். யாராவது வந்தால் உட்காருவார், போனால் எழுந்திருப்பார்.

"எங்க சங்கத்துக்கே பெரிய இழப்புங்க," என்றார் வந்தவர். அவர் நினைவு நாணயம் சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர். "அம்மா இருந்தவரைக்கும் எங்களுக்கு விஷயம் தெரியாமப் போச்சு."

"என்ன விஷயம்?" என்று கேட்டுக்கொண்டே மகள் சமையலறையிலிருந்து வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு தரம் படிக்காமல் கையைவிட்டு விடமாட்டாள்.

செயலாளர் மடியில் ஒரு பத்திரிகைத் துண்டைப் பிரித்து வைத்தார். மகள் கொடுத்திருந்த இரங்கல் அறிவிப்பு, அம்மாவின் படத்தோடு. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு நாணயத்தை வைத்தார். அதிலும் அதே முகம்தான். பூதக்கண்ணாடியை முதலில் பேப்பர் மேலும் பிறகு நாணயத்தின் மேலும் பிடித்தார்.

"பேப்பர்ல அம்மாவுக்கு இடது கன்னத்துல மச்சம். நாணயத்துல வலது கன்னத்துல. இப்படி ஒரு அச்சுப் பிழைக்காக நாங்க எவ்வளவு காலமா காத்துக்கிட்டிருக்கோம் தெரியுமா? சார், நீங்க மச்சக்காரர்!"

டிரைவர் சரி என்றார்.

அந்த நாணயத்தின் கதை இதுதான். டிரைவர் நாணயச்சாலையின் ஊழியர் பேருந்தை ஓட்டியவர். அவள் அதே நாணயச்சாலையின் கேன்டீனில் டீ போட்டவள். தினமும் இரண்டாவது வரிசையில் வந்து உட்காருவாள். தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்தேதான் அவர் பேருந்து ஓட்டினார். அப்படி ஓட்டியதில் ஒரு தரம் நாணயச்சாலையின் வாசல் தூணில் இடித்து, அதற்கு விளக்கமும் எழுதிக் கொடுத்தார். கல்யாணமான பிறகும் அவள் அவரை "டிரைவரு" என்றே கூப்பிட்டாள்.

பிறகு ஒரு வருடம், உழைக்கும் பெண்களைச் சிறப்பிக்க நினைவு நாணயம் வெளியிடுவதென்று மேலே முடிவானது. உழைக்கும் பெண் ஒருத்தியின் முகம் வேண்டும். நாணயச்சாலையில் உருவம் செதுக்குகிறவர் டீ குடிக்க வந்த இடத்தில் அவளைப் பார்த்தார். "கொஞ்சம் அசையாம நில்லும்மா," என்றார். அவள் அசையாமல் நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதற்கான பணத்தை அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியீட்டு விழா பிரமாதமாக நடந்தது. விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ போட வேண்டியிருந்ததால் அவளால் விழாவைப் பார்க்க முடியவில்லை. முடிந்ததும் ஒரு அதிகாரி உள்ளே வந்து, ஒரு நாணயத்தைக் காலி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் கேன்டீனைக் குத்தகைக்கு விட்டு, அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நிர்வாகம் தெளிவுபடுத்தியது.

அந்த நாணயத்தை வைத்து வெளியே ஒரு டீ குடிக்கலாம். ஆனால் யாரும் குடிக்கவில்லை. விலை ஏறும் என்று சங்கத்துக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கியிருந்தார்கள். விலை ஏறவே இல்லை. ஒழுங்காக அச்சடித்த நாணயத்துக்குச் சேகரிப்பவர்களிடம் மரியாதை கிடையாது. எழுத்து விட்டுப்போனது, தலை சாய்ந்தது, விளிம்பு தேய்ந்தது, இதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். அந்த உலகத்தில் தப்புக்கு இருக்கிற விலை சரிக்குக் கிடையாது.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்றார் செயலாளர். "வாரியத்துல வந்து ஒரே ஒரு வார்த்தை. மச்சம் இடது பக்கம்னு சொல்லணும். அவங்க பிழைன்னு அறிவிச்சிட்டா உங்ககிட்ட இருக்கிற அந்த ஒரு நாணயமே போதும், வீட்டுக்கு மேல மாடி எடுத்துரலாம்."

"சரி," என்றார் டிரைவர்.

செயலாளர் போன பிறகு மகள் வெகுநேரம் அந்தப் பத்திரிகைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு வலது பக்கம்தானே?"

டிரைவர் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மறுநாள் காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றவர், சோப்பு நுரையை விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தன் வலது கன்னத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அழித்துவிட்டு இடது கன்னத்தில் வைத்தார். அதுவும் சரியாகவே இருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீடு, ஒரே சாப்பாடு. கண்ணாடியில் பார்த்த முகம் எது, நேரில் பார்த்த முகம் எது என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வாரியத்துக்குக் கிளம்பினார்.

நினைவு நாணய மதிப்பு நிர்ணய வாரியத்தின் வாசலில் காவலாளி அவரைத் தடுத்தார்.

"உள்ள நாணயம் எடுத்துட்டுப் போகக் கூடாது."

"இத எடுத்துட்டு வரச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்காங்க."

காவலாளி எட்டிப் பார்த்தார். "அது நாணயம் இல்லீங்க, சான்றுப் பொருள். உங்க பையில சில்லறை இருக்கு பாருங்க, அதைச் சொன்னேன்."

டிரைவர் பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையை ஒரு தட்டில் போட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பும்போது அந்தத் தட்டைக் காணவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தார். ஆனால் அது சாயங்காலம் நடந்தது.

காலையில் அவரை ஒரு நீண்ட மேஜையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அவர் முன்னால் ஒரு பலகை. அதில் 'உருவத்துக்குரியவரின் கணவர்' என்று எழுதியிருந்தது. எதிரே நாணயச்சாலையின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பக்கத்தில் சங்கச் செயலாளர். நடுவில் வாரியத் தலைவர். அவர் வாழ்நாள் முழுக்க மீன்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லார் கையிலும் வெள்ளைக் கையுறை. தலைவர் உறை போட்ட கையாலேயே பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முதலில் பொதுமக்களுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும்," என்று தலைவர் தொடங்கினார். அறையில் பொதுமக்கள் என்று இருந்தது டிரைவர் மட்டும்தான். "நாணயம் செலவானால் அது வெறும் காசு. செலவாகாமல் இருந்தால் அது பாரம்பரியம். யார் கண்ணிலும் படாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஆகவே மக்கள் கைக்கே போகாத ஒரு நாணயத்தை உருவாக்குவதுதான் இந்த வாரியத்தின் லட்சியம். போன வருஷம் அதை நெருங்கிவிட்டோம் என்று பெருமையோடு சொல்வேன். ஒரு நாணயத்தை அச்சடித்து, வெளியிட்டு, கையோடு அறையில் வைத்துப் பூட்டி, சாவியையும் தொலைத்துவிட்டோம். இன்றைக்கு அதன் மதிப்பைக் கணக்கிடவே முடியாது."

எல்லாரும் கை தட்டினார்கள். உறை போட்ட கைகளின் தட்டல் தலையணையை அடிப்பது போல் கேட்டது.

பிறகு டிரைவரின் நாணயத்தை இடுக்கியால் எடுத்து, வெல்வெட் துணியில் வைத்தார்கள். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவர் முகம் வெளுத்திருந்தது.

"விளிம்பில் கீறல் இருக்கிறது. இதை யாராவது தொட்டீர்களா?"

"வீட்ல இருந்துச்சுங்க. தொடாம எப்படி?"

"எதற்காவது பயன்படுத்தினீர்களா?"

"மிக்ஸி அடியில ஒரு ஸ்க்ரூ அடிக்கடி கழண்டுக்கும். ஸ்க்ரூடிரைவர் எங்கயாவது போயிருக்கும். அவ இதை வச்சுத்தான் முடுக்குவா."

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"எவள்?" என்றார் அதிகாரி.

"அவதாங்க," என்று டிரைவர் நாணயத்தைக் காட்டினார்.

இதிலிருந்து யாரும் எதிர்பாராத ஒரு சிக்கல் கிளம்பியது. நாணயத்தில் கீறல் விழுந்தால் மதிப்புக் குறையும். ஆனால் நாணயத்தில் இருப்பவரே கீறியிருந்தால்? அது சேதமா, கையெழுத்தா? அதிகாரி சேதம் என்றார். செயலாளர் கையெழுத்து என்றார். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததா, நிறுத்தியிருந்ததா என்று தலைவர் கேட்டார். மதியச் சாப்பாடு வரை இதுவே ஓடியது. டிரைவருக்கு அந்த மிக்ஸியின் சத்தம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கூடவே "இதைப் பிடிச்சுக்கோ டிரைவரு, ஆடுது" என்ற குரலும். மூடியை அமுக்கிப் பிடிப்பதுபோல் அவர் கை மேஜைமேல் தானாகக் குவிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மச்சத்துக்கு வந்தார்கள்.

"அம்மையாரை நேரில் பரிசோதிக்க முடியுமா?" என்றார் தலைவர்.

"இறந்துட்டாங்க சார்," என்று எழுத்தர் காதோடு சொன்னார்.

"அது கோப்பிலேயே இருக்கிறது. வேறு வகையில்?"

வேறு வகையில் முடியாது என்று பதிவானது.

"சரி, கணவர் சொல்லட்டும். மச்சம் எந்தக் கன்னத்தில்?"

செயலாளர் டிரைவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அதிகாரி, நாணயச்சாலையில்தானே ஓட்டுநராக இருந்தீர்கள், ஓய்வூதியமெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று அன்போடு விசாரித்தார்.

டிரைவர் தன் முன்னால் இருந்த பலகையை நேராக்கி வைத்தார். பிறகு, "எனக்கு ஞாபகம் வரலீங்க," என்றார்.

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. "நீங்கள் கணவர்தானே?"

"ஆமாங்க."

"எத்தனை வருஷம் கூட இருந்தீர்கள்?"

"அவ போற வரைக்கும்."

"அவ்வளவு காலம் இருந்தும் பார்க்கவில்லையா?"

"பார்த்தேங்க," என்றார் டிரைவர். "பக்கம் பார்க்கல."

அவர் சொன்னதை 'சாட்சி நம்பகத்தன்மை அற்றவர்' என்று எழுத்தர் குறித்துக்கொண்டார்.

அடுத்தடுத்த அமர்வுகளில் ஆதாரங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். இறந்தவர்கள் எல்லாரும் பக்கத்தின் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அழகாக இருக்கும், அதனால் சில பேரைத் திருப்பிப் போடுவோம், இந்த அம்மாவைத் திருப்பினோமா இல்லையா தெரியாது என்றார். மகள் தன் போனைக் கொடுத்தாள். அம்மாவோடு சேர்ந்து தானே எடுத்துக்கொண்ட படம். அந்த போன் படத்தைக் கண்ணாடிபோல மாற்றுமா மாற்றாதா என்று மூன்று நிபுணர்கள் நான்கு கருத்துச் சொன்னார்கள். கல்யாணப் படத்தில் பவுடர் மச்சத்தை மறைத்திருந்தது. அடையாள அட்டையைப் பெரிதாக்கித் திரையில் போட்டார்கள். மச்சம் இருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் அரசு முத்திரை அழுத்தமாக விழுந்திருந்தது.

"முத்திரை மிகத் தெளிவாக இருக்கிறது," என்று தலைவர் பாராட்டினார்.

டிரைவரின் கொழுந்தியாள் வந்தாள். இறந்தவளின் தங்கை. வாயைத் திறந்தால் மூடாதவள்.

"இடது பக்கம்தாங்க. சின்ன வயசுல நான்தான் கடிச்சு வச்சேன். அப்புறம்தான் மச்சமாச்சு."

"கடித்தால் மச்சம் வருமா?"

"எங்க அக்காவுக்கு வந்துச்சு."

"உங்கள் இடதா, அவர் இடதா?"

கொழுந்தியாள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தலைவருக்கு எதிரே நின்று, அவர் கன்னத்தைத் தொட்டு, "இந்த இடம்," என்றாள். அது எந்தப் பக்கம் என்று எழுத்தர் பார்ப்பதற்குள் காவலாளி அவளை நகர்த்திவிட்டார். தலைவர் நாற்காலியோடு திரும்பியிருந்தாரா என்பதும் விவாதமானது. இறுதியில் தலைவரின் கன்னத்தைக் கோப்பில் சேர்க்க முடியாது என்று ஒதுக்கினார்கள்.

வெளியே வந்து கொழுந்தியாள் டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, எனக்கும் நிஜமா ஞாபகமில்ல. உங்களுக்கு நல்லது நடக்குமேன்னுதான் சொன்னேன்."

"தெரியும்," என்றார் டிரைவர்.

"நீங்க ஏன் அழவே மாட்டேங்கிறீங்க?"

டிரைவர் அதை யோசித்துப் பார்த்தார். இப்போது தினமும் காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருந்தது. அங்கே முழு நாளும் அவளைப் பற்றியே பேசினார்கள். அவளுடைய கன்னம், அவளுடைய தாடை, அவளுடைய மூக்குக்கும் மச்சத்துக்கும் உள்ள தூரம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட இவ்வளவு பேசவில்லை. வந்தவர்கள் விலைவாசியைப் பேசிவிட்டுப் போனார்கள்.

கடைசியாகச் செதுக்குநர் வந்தார். இப்போது நன்றாக வயதாகியிருந்தது. அவரைப் பார்த்ததும் டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளை ஆற அமரப் பார்த்தவர், அளந்து பார்த்தவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். இவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"மச்சமா?" என்றார் செதுக்குநர். "நான் மச்சம் எதுவும் செதுக்கவில்லையே."

செயலாளரின் கையிலிருந்து பூதக்கண்ணாடி நழுவியது.

"நாணயத்தில் இருக்கிறதே?" என்றார் தலைவர்.

செதுக்குநர் குனிந்து பார்த்தார். "இதுவா? அச்சு வார்ப்பில் துரு பிடித்திருக்கும். அந்த வருஷம் மழை ஜாஸ்தி. கூரை ஒழுகியது."

"நாணயச்சாலைக் கூரை ஒழுகியதே இல்லை," என்று தரக்கட்டுப்பாட்டு அதிகாரி எழுந்துவிட்டார். "ஒழுகியிருந்தால் தணிக்கையில் வந்திருக்கும். தணிக்கை நடக்கவில்லை. ஆகவே ஒழுகவில்லை."

"அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு மச்சமே கிடையாதா?" என்று தலைவர் கேட்டார்.

"எந்தப் பெண்?"

"நீங்கள் செதுக்கிய பெண். கேன்டீன்."

செதுக்குநர் சங்கடமாகச் சிரித்தார். "ஐயா, அது பெண்ணே இல்லை. அது ஒரு கருத்து. உழைப்பு என்கிற கருத்து. கலைஞன் ஒரு தனி ஆளைப் போய்ப் பார்த்து வரைய மாட்டான். கேன்டீன் பக்கம் டீ குடிக்கப் போயிருப்பேன், அவ்வளவுதான்."

"அசையாம நிக்கச் சொன்னீங்க," என்றார் டிரைவர். அத்தனை அமர்வுகளில் யாரும் கேட்காமலே அவர் பேசியது அப்போதுதான். "பால் பொங்கிடுச்சு."

"இருக்கலாம்," என்றார் செதுக்குநர் மரியாதையாக. "எனக்கு டீ மட்டும் ஞாபகம் இருக்கிறது. நல்ல டீ."

தீர்ப்பு நாளன்று மேஜைமேல் புதுத் துணி விரித்திருந்தார்கள். தலைவர் எழுந்து நின்று படித்தார்.

"வாரியம் எல்லாச் சான்றுகளையும் ஆராய்ந்தது. நாணயம் என்பது அரசின் ஆவணம். அது உரிய அதிகாரிகளால் ஒப்புதல் அளிக்கப்பட்டு, எடை போடப்பட்டு, வெளியிடப்பட்டது. அம்மையாரின் முகமோ எந்த அதிகாரியாலும் எந்தக் காலத்திலும் ஒப்புதல் அளிக்கப்பட்டதில்லை. இரண்டுக்கும் வேறுபாடு இருக்குமானால், பிழை நாணயத்தில் இல்லை. பிழை அம்மையாரிடம் இருக்கிறது."

தரக்கட்டுப்பாட்டு அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனால் இறந்தவர்மீது வாரியம் நடவடிக்கை எடுக்க விரும்பவில்லை," என்று தலைவர் பெருந்தன்மையோடு தொடர்ந்தார். "இனிமேல் அவருக்கு மச்சம் வலது கன்னத்தில் இருந்ததாகவே கொள்ளப்படும். கணவரிடம் இருந்த நாணயம் இதற்கான மூலப் பிரதியாக வாரியத்தின் பெட்டகத்தில் வைக்கப்படும். தீர்ப்புக்குப் பிறகு யாருக்காவது உண்மை தெரியவந்தால், அது ஏற்கப்பட மாட்டாது."

"அப்ப என் நாணயம் திரும்ப வராதா?" என்றார் டிரைவர்.

"அது இனி உங்கள் நாணயம் இல்லை. அதுதான் அளவுகோல். உங்களுக்கு எவ்வளவு பெருமை!" தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உறை போட்ட கை. குலுக்கியது தெரிந்தது, கை தெரியவில்லை.

"பார்க்கணும்னா?"

"பார்த்தால் மதிப்புக் குறையும்."

வாசலில் செயலாளர் டிரைவருக்காகக் காத்திருந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடியைக் காணோம். "ஒரே ஒரு வார்த்தை சார்," என்றார். "இடதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாணயமான மனுஷன்னு நெனச்சு உங்களை நம்பி என் வீட்டை அடமானம் வச்சு இன்னும் ரெண்டு மூட்டை வாங்கினேன்."

டிரைவருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை. "வீட்டுக்கு வாங்க, டீ போட்டுத் தர்றேன்," என்றார். செயலாளர் வரவில்லை.

பிழை இல்லையென்று ஆனதும் அந்த நாணயம் மறுபடி ஒரு டீயின் விலைக்கு வந்துவிட்டது. சேர்த்து வைத்திருந்தவர்கள் இனி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மூட்டைகளை அவிழ்த்தார்கள். வங்கியில் கொடுத்தார்கள், வாடகை கொடுத்தார்கள், காய்கறிக் கடையில் கொட்டினார்கள். சேகரிப்பவர்களின் வீட்டுக்காரிகள் பல வருஷம் கழித்து அலமாரியில் துணி வைக்க இடம் கிடைத்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நகரம் முழுவதும் ஒரே வாரத்தில் டிரைவரின் மனைவி முகமாகிவிட்டது.

ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறையாக அவள் வந்தாள். சலூனில் வந்தாள். மின்கட்டணம் கட்டப் போன இடத்தில், கவுன்டருக்குள் இருந்தவர் அவளை மூன்று தரம் கண்ணாடிமேல் தட்டிவிட்டுத் தள்ளினார். டிரைவர் முதலில் வந்ததையெல்லாம் செலவழிக்காமல் ஒரு ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்தார். ஜாடி நிறைந்தது. இன்னொரு ஜாடி எடுத்தார். மகள் மருந்துக்கடையிலிருந்தும் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருநாள் காய்கறிக்கு நோட்டை நீட்டியபோது கடைக்காரர் சில்லறையாகக் கொடுங்கள் என்றார். டிரைவர் இல்லை என்றார். வீட்டில் இரண்டு ஜாடி நிறைய இருக்கும்போது இல்லை என்று சொன்னது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"அப்பா, இப்படியே எத்தனை ஜாடி?" என்றாள் மகள், அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது. கோபமாகக் கேட்கவில்லை. "ஊர்ல இருக்கிற அம்மாவையெல்லாம் நம்மால வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியாது."

டிரைவர் சரி என்றார். ஆனால் மறுநாள் கண்ணைக் காட்டிவரக் கிளம்பும்போது ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ். கூட்டம் அதிகமில்லை. டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து வலது கையில் வைத்துக்கொண்டார். பார்க்கவில்லை. வெளியே யாரோ சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தார். கட்டைவிரல் சும்மா நாணயத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. நெற்றி, மூக்கு, உதடு. உதட்டிலிருந்து கன்னத்துக்குப் போய், ஓர் இடத்தில் நின்றது. அங்கே ஒன்றுமில்லை, வழவழவென்று இருந்தது. விரல் திரும்ப உதட்டுக்கு வந்து, மறுபடி அதே இடத்துக்குப் போய், மறுபடி நின்றது.

டிரைவர் வெளியே பார்ப்பதை நிறுத்தினார்.

கடைசி நாட்களில் அவளுக்குக் கஞ்சி கொடுத்தது அவர்தான். எதிரே ஸ்டூல் போட்டு உட்காருவார். ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் வழியும். வழிவதை வலது கை விரல்களால் தாடையோடு ஏந்தித் துடைப்பார். அப்போது கட்டைவிரல் மேலே கன்னத்தில் போய் நிற்கும். நிற்கிற இடத்தில் ஒரு சின்ன மேடு. "விடு டிரைவரு, அது கஞ்சி இல்ல, துடைச்சாப் போகாது," என்பாள். பேசக் கஷ்டப்பட்ட நாட்களில்கூட அதைச் சொல்லாமல் இருக்கமாட்டாள்.

எதிரே உட்கார்ந்தவரின் வலது கை. அப்படியானால் அவளுடைய இடது கன்னம்.

சங்கத்துக்காரர் சொன்னது சரிதான். நாணயம் தப்பு. இந்த பஸ்ஸில், டிரைவரின் பையில், வீட்டு ஜாடிகளில், ஊர் முழுக்கக் கடைக்காரர்களின் கல்லாப்பெட்டிகளில் கிடப்பதெல்லாம் தப்பான நாணயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடி எடுக்கலாம்.

பக்கத்து சீட்டில் இருந்த பெண்மணி கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் தலைக்குமேல் நின்றார்.

"சில்லறையாக் கொடுங்கம்மா. நோட்டை வச்சு நான் என்ன பண்ண?"

"இருங்க, இருக்கு... இங்கதான் போட்டேன்..."

"இந்தாங்க," என்று டிரைவர் கையிலிருந்த நாணயத்தை நீட்டினார்.

"ஐயோ, பரவாயில்லைங்க..."

"இருக்கட்டும். எங்கிட்ட நிறைய இருக்கு."

அவள் வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இப்பல்லாம் எங்க பார்த்தாலும் இந்தம்மாதான். யாருன்னே தெரியல. பார்த்தா கோவக்காரி மாதிரி இருக்கு."

"கோவம் இல்ல," என்றார் டிரைவர். "அடுப்புல பால் இருக்கு. பொங்கப்போகுதுன்னு பதறிக்கிட்டு நிக்கிறா. மச்சம்கூட அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்." அவர் விரலால் நாணயத்தின் வழவழப்பான கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அந்தப் பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எங்க வீட்டுக்காரி."

அவள் சிரித்துவிட்டாள். வயதானவர்கள் தமாஷ் செய்தால் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாணயத்தைக் கண்டக்டரிடம் நீட்டினாள். கண்டக்டர் அதைப் பார்க்கவில்லை. பைக்குள் போட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். பைக்குள் அது மற்ற காசுகளோடு மோதிய சத்தம் டிரைவருக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் அவருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. கைக்குட்டை கொண்டுவரவில்லை. வலது கைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்மணி, சிரிப்பு போய்.

"ஒண்ணுமில்ல," என்றார் டிரைவர். "கண் ஆஸ்பத்திரி வந்தா சொல்றீங்களா? எனக்குச் சரியாத் தெரியல."